விளம்பர வருமானத்தில் பங்கு என்றார்கள், என் 23,600 ரூபாயோடு போய்விட்டார்கள்

நேற்று வடபழனியிலிருந்து திரும்பும்போது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் விடியற்காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். போனது 23,600 ரூபாய். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வலைப்பதிவு எழுதிச் சம்பாதிக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கடைசிவரை படியுங்கள். ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று முடிவில் விளக்கமாகச் சொல்கிறேன்.

அஞ்சல் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வீடு பெரம்பூரில். ஓய்வு பெற்ற பிறகு வட சென்னையைப் பற்றி எழுதத் தொடங்கினேன். 1856இல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம், 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் குண்டு போட்ட இரவு, 1953இல் நின்றுபோன டிராம் வண்டி என்று கைக்கு வந்ததையெல்லாம் எழுதினேன். காசை நினைத்து எழுதவில்லை. யாராவது ஒருவர் படித்துவிட்டுக் கூப்பிட்டுப் பேசினால் அன்றைக்குச் சாப்பாடு கொஞ்சம் கூடுதலாக இறங்கும், அவ்வளவுதான்.

சென்ற ஆடி மாதம் ஒருவர் கூப்பிட்டார். எழுதுகிறவர்களின் பதிவுகளைத் தங்கள் தளத்தில் போட்டு, அதன் பக்கத்தில் ஓடும் விளம்பரங்களில் வருகிற பணத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் நிறுவனமாம். நூற்றுக்கு நாற்பது எனக்கு, அறுபது அவர்களுக்கு. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு காரணம். இந்தப் பெயரைச் சொன்னால் நாளைக்கே வேறு பெயரில் பலகை மாட்டுவார்கள் என்பது இன்னொரு காரணம்.

நேரில் வரச் சொன்னார்கள். வடபழனியில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், காகிதக் கோப்பையில் காபி. இதெல்லாம் என்னை மயக்கவில்லை. மயக்கியது வேறு. அந்த ஆள் மேசை இழுப்பறையைத் திறந்து, நான் எம்டனைப் பற்றி எழுதியதை வெளியே எடுத்தார். அச்சடித்து, பின் குத்தி வைத்திருந்தார். பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் எரிந்த இடத்தைச் சொல்லும் வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. "இந்த வரியைப் படித்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது சார். இதையெல்லாம் சும்மா கொடுக்கலாமா?" என்றார். என் எழுத்துக்குக் கீழே அதுவரை யாரும் கோடு போட்டதில்லை. என் சொந்தத் தம்பிகூட முழுதாகப் படித்ததில்லை. அந்தப் பென்சில் கோட்டில் தடுக்கி விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

முதல் மாதம் 1,260 ரூபாய் என் வங்கிக் கணக்குக்கு நிஜமாகவே வந்தது. குறுஞ்செய்தியை மனைவியிடம் காட்டினேன். அன்று மாலை அகர்வால் இனிப்பு அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனேன். அடுத்த மாதத்திலிருந்து பணம் வரவில்லை, எண்கள் மட்டும் வந்தன. அவர்கள் கொடுத்த டேஷ்போர்டில் தினமும் காலையில் என் வருமானம் ஏறிக்கொண்டே இருக்கும். பச்சை நிறத்தில். பல் தேய்ப்பதற்கு முன்பே அதைத்தான் பார்ப்பேன்.

பிறகுதான் அந்த ஆள் விஷயத்துக்கு வந்தார். பிரீமியம் எழுத்தாளர் ஆகிவிட்டால் பங்கு நாற்பதிலிருந்து எழுபதாக உயருமாம். கட்டணம் 20,000. ஜிஎஸ்டி 18 சதவீதம், 3,600. ஆக 23,600. "உங்கள் கணக்கிலேயே இருபதாயிரத்துக்கு மேல் இருக்கிறதே சார், அதில் கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் கணக்குப் பிரிவு ஒத்துக்கொள்ளாது" என்றார். இந்த ஒரு வாக்கியத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். எனக்குத் தர வேண்டிய பணத்தில் கழித்துக்கொள்ள முடியாதவன் என் கையிலிருந்து மட்டும் ஏன் கேட்கிறான்? கேட்கவில்லை. யுபிஐயில் அனுப்பினேன். கூரை ஒழுகுவதைச் சரிசெய்ய வைத்திருந்த பணம்.

பணம் எடுக்கக் குறைந்தபட்சம் 10,000 சேர வேண்டும் என்றுதான் முதலில் சொன்னார்கள். சேர்ந்தது. பிரீமியம் கணக்குக்கு 50,000 என்றார்கள். அதுவும் சேர்ந்தது. அப்புறம் தணிக்கை நடக்கிறது என்றார்கள். அப்புறம் சர்வர் மாற்றுகிறோம் என்றார்கள். அப்புறம் காலாண்டு முடியட்டும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு புகார் எண் கொடுப்பார்கள். அதை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன், ஒன்பது எண்கள் இருக்கின்றன. கடைசியில் ஒரு பெண் குரல், மனப்பாடம் செய்ததுபோல, "உங்கள் விளம்பரங்களில் முறையற்ற கிளிக்குகள் பதிவாகியுள்ளன, கணக்கு முடக்கப்பட்டுள்ளது" என்றது. என் பதிவில் வந்த விளம்பரத்தை நானே தட்டிக் காசு பார்த்தேனாம்! எனக்கு அந்த விளம்பரத்தை மூடவே தெரியாது, சிலுவைக் குறி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பேன்.

நேற்று நேரிலேயே போனேன். சென்ட்ரலில் மெட்ரோ பிடித்து வடபழனியில் இறங்கி, வெயிலில் நடந்து மூன்று மாடி ஏறினேன். வரவேற்பில் இருந்த பெண் பெயரேட்டை நீட்டினார். யாரைப் பார்க்க வேண்டும் என்ற கட்டத்தில் நிறுவனத்தின் பெயரை எழுதினேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "அவர்கள் இரண்டு மாதத்துக்கு முன்பே காலி செய்துவிட்டார்கள். இது மாத வாடகைக்கு மேசை விடுகிற இடம் சார்" என்றார். நான் போட்ட கையெழுத்துக்கு மேலே பார்த்தேன். அதே பக்கத்தில் அதே பெயரை இன்னும் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூன்று வேறு கையெழுத்து. ஒருவர் திருவள்ளூரிலிருந்து வந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து தங்கை மகனைக் கூப்பிட்டேன். கணினி வேலையில் இருப்பவன். டேஷ்போர்டைப் பார்த்துவிட்டு, "மாமா, இந்தப் பதிவை எத்தனை பேர் படித்ததாகக் காட்டுகிறது?" என்றான். 300. "அன்றைக்கு வருமானம்?" 900 ரூபாய். "ஆளுக்கு மூன்று ரூபாய். விளம்பரக்காரர்கள் ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்றுதான் பொதுவாகக் கணக்குப் பார்ப்பார்கள். ஆயிரம் பார்வைக்கு மூவாயிரம் ரூபாய் கொடுத்து உங்கள் டிராம் வண்டிக்குப் பக்கத்தில் விளம்பரம் போட யார் வருவார்கள்?" அவன் சிரிக்கவில்லை, நல்ல பையன். விளம்பரக் கணக்கு அவர்கள் பெயரில் இருக்கிறது, பணம் முதலில் போவது அவர்களுக்கு, நமக்குக் காட்டுவது அவர்கள் தட்டச்சு செய்கிற எண் என்று விளக்கினான். இத்தனை மாதமாக நான் பல் தேய்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தது பணமே இல்லை.

ரசீதைக் காட்டினேன். ஜிஎஸ்டி எண்ணை விரல் வைத்து எண்ணினான். பதினான்கு. பதினைந்து இருக்க வேண்டும், தமிழ்நாட்டு எண் என்றால் 33 என்று தொடங்கும், ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் யாருடையது என்றே தெரிந்துவிடும் என்றான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. 1972இல் பின்கோடு வந்த ஊர் இது. ஆறு இலக்கத்தில் ஒன்று குறைந்தால் பார்த்த மாத்திரத்தில் உறையைத் தனியாக எடுத்து வைத்தவன் நான். 3,600 ரூபாய் வரி கட்டிய ரசீதில் எண்ணிப் பார்க்கவில்லை.

இன்னொன்று. நம் பக்கத்தில் விளம்பரம் போட்டு நமக்கே நேரடியாகப் பங்கு தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களுக்கும் இருக்கிறது. சேருவதற்குக் கட்டணம் கிடையாது. கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் பின் எண் என்ற ஒரு ரகசிய எண்ணை அனுப்புவார்கள். நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம். அந்தப் பின் எண் உறைகளை என் கையாலேயே எத்தனையோ பையன்கள் வீட்டில் கொடுத்திருக்கிறேன். என்ன ஏது என்று ஒருநாளும் விசாரிக்கவில்லை.

இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்குக் கூப்பிட்டேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பணம் அனுப்பிய உடனே சொல்லியிருந்தால் வங்கியில் நிறுத்திவைக்க வழி இருந்திருக்கும் என்றார். நான் ஐந்து மாதம் கழித்துச் சொல்கிறேன். இணையத்திலும் புகார் பதிவாகிவிட்டது. பத்தாவது எண்.

மனைவி, "1,260 வந்ததே, அதைக் கழித்தால் 22,340தானே?" என்கிறாள். கழிக்க மாட்டேன். அது நான் எழுதியதற்குக் கூலி. போனது 23,600. என் கணக்கை முடக்கிவிட்டார்களே தவிர, என் 112 பதிவுகளும் அவர்கள் தளத்தில் அப்படியே இருக்கின்றன. எம்டன் பதிவுக்கு நடுவில் இப்போது மூன்று விளம்பரங்கள் ஓடுகின்றன. ஆசிரியர் பெயர் இருந்த இடத்தில் "ஆசிரியர் குழு" என்று இருக்கிறது.

விளக்கமாகச் சொல்கிறேன் என்றேன், முடியவில்லை. எழுதுகிறவனிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விளம்பரக் கணக்கு யார் பெயரில் என்று கேளுங்கள். ரசீதில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை எண்ணிப் பாருங்கள். பதிவுகளுக்கு ஒரு நகல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் போனால் அன்றைக்கே 1930.

ஜெராக்ஸ் கடை ஒன்பது மணிக்குத் திறக்கும். அந்தப் பதினான்கு எழுத்து ரசீதை மூன்று நகல் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போக வேண்டும்.