எரிப்பதா, மூடாக்கா?

சிறுமலை அடிவாரத்தில், வாடிப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு மாசி பிறந்தாலே தலைவலி: விழுந்து கிடக்கும் மட்டையையும் பாளையையும் என்ன செய்வது?

கொளுத்தினால் ஒரே பொழுதில் தோப்பு சுத்தம், கூலியும் மிச்சம். ஆனால் பன்னாடை எரிவதைக் கவனித்துப் பாருங்கள். இலேசான காற்றுக்கே கங்கோடு எழும்பி வேலியைத் தாண்டும். அந்தப் பக்கம் காய்ந்த புல் இருந்தால் நெருப்பு மலையேறிவிடும். காப்புக்காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். எரித்தே தீர வேண்டும் என்றால், வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, காற்றடங்கிய காலையில், சுற்றிலும் மண் தெரியச் செதுக்கிவிட்டு, மோட்டார் குழாயைப் பக்கத்தில் வைத்துச் சிறு குவியலாக எரியுங்கள். சாம்பலைக் கிளறித் தண்ணீர் ஊற்றாமல் வீடு திரும்பக் கூடாது. கை மீறினால் தீயணைப்புக்கு 101.

மட்டையை நறுக்கி மரத்தடியில் மண்ணை மூடிப் பரப்புவதுதான் மூடாக்கு. அதற்கு நறுக்கும் கூலி உண்டு, பாம்புப் பயமும் உண்டு. மட்கும் குவியலில் தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அதற்கு, அந்த வண்டின் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சணத்தைக் குவியலில் கலக்கலாம். பதிலுக்குச் சித்திரை வெயிலிலும் பாத்தியில் ஈரம் நிற்கிறது. தண்ணீர்ப் பஞ்சமுள்ள இந்தப் பக்கத்தில் எனக்கு அது ஒன்றே போதும். மலையோர வேலியை ஒட்டி மட்டும் மூடாக்குப் போடாதீர்கள். காய்ந்தால் அதுவும் விறகுதான்.