பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்: தெக்கோங் கிளம்பும் முன் ஒரு சுற்று

அடுத்த மாதம் சிங்கப்பூரின் தெக்கோங் தீவில் அடிப்படை இராணுவப் பயிற்சிக்குச் செல்லவிருக்கும் என் மகனுக்குச் சில சாமான்கள் வாங்குவதற்காக, சென்ற சனிக்கிழமை பீச் ரோட்டிலுள்ள கோல்டன் மைல் உணவு நிலையத்துக்குச் சென்றிருந்தேன். சாப்பாட்டுக் கடைகளுக்கு மேலே, ஆர்மி மார்க்கெட் என்று நாம் அனைவரும் அழைக்கும் சிறு கடைகள் வரிசையாக இருக்கின்றன. நிக்கல் ஹைவே ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

நான் இங்கு முதன்முதலாக வந்தது 1991ஆம் ஆண்டில். காட்டுப் பயிற்சியில் தொலைத்துவிட்ட தண்ணீர்க் குடுவைக்கு 1206 படிவத்தில் கையெழுத்திட்டுப் பணம் கட்டுவதைத் தவிர்க்க, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் தனியாக வந்து, அதேபோன்ற குடுவையொன்றை வாங்கிச் சென்றேன். அன்று என்னோடு கடையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் போலத் தலை மழித்த, அதிகம் பேசாத பையன்கள்தாம். இந்த முறையோ தாய்மார்கள் கைப்பேசியில் பட்டியலை வைத்துக்கொண்டு, திருமணத்துக்குச் சேலை எடுப்பது போல ஒவ்வொரு பொருளையும் தொட்டுப் பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

'நல்ல இரும்பை ஆணியாக்க மாட்டார்கள், நல்ல பிள்ளையைச் சிப்பாயாக்க மாட்டார்கள்' என்ற சீனப் பழமொழி பரவலாக நம்பப்பட்ட காலத்தில்தான், 1967ஆம் ஆண்டு மார்ச் மாதம் இளைஞர்களைப் படைப் பணிக்கு அழைக்கும் கட்டாயத் தேசிய சேவைக்கான சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. முதல் அணிகளுக்கு ஊர்கூடி வழியனுப்பு விருந்து வைத்தும்கூட, என் பெரியப்பா முகாமுக்குப் போனபோது பாட்டி இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அப்பா சொல்வார். இன்று பெற்றோர் மகனோடு படகேறித் தெக்கோங்குக்கே சென்று, தங்குமிடத்தைப் பார்த்து, உணவுக் கூடத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். 2011ஆம் ஆண்டில் பணிப்பெண் ஒருவர் தேசிய சேவையாளரின் பையைச் சுமந்து செல்லும் படம் பரவியபோது, நாட்டில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் கோபப்பட்டார்கள். 2018, 2019ஆம் ஆண்டுகளில் பயிற்சியின்போது இளைஞர்கள் உயிரிழந்த பிறகு, பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் அவன் பாதுகாப்பைப் பற்றி வெளிப்படையாகக் கேள்வி கேட்பதும் நியாயமென்று ஆகிவிட்டது. அந்தப் பெருமையும் பயமும் சேர்ந்துதான் இந்த மாடியில் வியாபாரமாகின்றன.

அந்தப் பயத்தைக் கடைக்காரர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள் என்பதே என் முதல் குறை. நாங்கள் நுழைந்த முதல் கடையில், 'புதிய ரெக்ரூட்' என்று சொன்னதுமே ஒரு பெரிய பொட்டலத்தைக் கட்டாயம் தேவையென்று எடுத்து வைத்தார்கள். அதில் பாதி முகாமிலேயே வழங்கப்படும், மீதியில் பாதி வீட்டருகே உள்ள பேட்டைக் கடையிலேயே கிடைக்கும். உண்மையில் உதவக்கூடியவை காலணிக்குள் வைக்கும் மெத்தைத் தாள், கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், துணியை நனையாமல் வைக்கும் ஜிப் பைகள், அழியாத மை கொண்ட மார்க்கர் ஆகியவைதாம். மெத்தைத் தாளுக்கு அங்கே 15 வெள்ளி கேட்டார்கள். நான்கு கடை தள்ளி அதே பொருளை 12 வெள்ளிக்கு வாங்கினேன்.

பெயர்ப்பட்டை தைக்கக் கொடுத்ததில்தான் நேரம் போயிற்று. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை என்பதைத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த அம்மையாருக்கு விளக்கிச் சொல்லியும், மகன் பெயருக்குப் பதிலாக என் பெயரைத் தைத்துவிட்டார். கட்டணமின்றி இருபது நிமிடத்தில் மாற்றித் தந்தார், எழுத்துகளும் கச்சிதமாக இருந்தன. இருந்தாலும் தமிழர்கள் பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொண்டுபோவது நல்லது.

காத்திருந்தபோது பக்கத்துக் கடை முதியவர், வணக்கம்கூடச் சொல்லாமல், 'நீ எந்த யூனிட்?' என்று என்னைக் கேட்டார். சொன்னதும் தம்முடைய யூனிட்டைச் சொன்னார். வேறு நாடுகளில் முன்னாள் வீரர்களைக் கண்டால் முன்பின் அறியாதவரும் நன்றி சொல்வார்களாம். இங்கே டாக்சி ஓட்டுநரும் வங்கி அதிகாரியும் காப்பிக் கடைக்காரரும் முன்னாள் வீரர்கள் என்பதால், யார் யாருக்கு நன்றி சொல்வது? முழுநேரச் சேவைக்குப் பிறகும் தொடரும் படைக் கடமை, பெரும்பாலோர்க்கு 40 வயதிலும் அதிகாரிகளுக்கு 50 வயதிலும் முடிகிறது. 2017ஆம் ஆண்டில் தேசிய சேவையின் பொன்விழாவுக்கு 100 வெள்ளி பற்றுச்சீட்டு வந்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முதியவரின் கேள்வியில் கிடைத்த நெருக்கம் அதில் இல்லை.

அதிகாரபூர்வச் சாமான்களுக்கு, சேவையாளர்களுக்கென்றே உள்ள ஈமார்ட் கடை இருக்கிறது. அங்கே சேவையாளரின் கணக்கில் உள்ள புள்ளிகளைக் கொண்டே வாங்கலாம் என்பதால், சீருடைக்கும் காலணிக்கும் அங்கே போவதே சரி. சில்லறைச் சாமான்களுக்கும் தையலுக்கும் பீச் ரோடு போங்கள், வார நாளாகப் பார்த்துப் போங்கள், குறைந்தது மூன்று கடைகளிலாவது விலை கேளுங்கள். தவறாகத் தைத்த பட்டையை அந்த அம்மையார் குப்பையில் போடாமல் என்னிடமே கொடுத்துவிட்டார். அது இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.