ஹாலபேன்யோ: நான்கு ஆண்டு வளர்த்தும் பிடிபடாத காரம்

போன வாரம் ஒரு நண்பர் தொலைபேசியில் கேட்டார்: “நான்கு வருடமாக ஹாலபேன்யோ மிளகாய் வளர்க்கிறீர்களே, நானும் விதை வாங்கட்டுமா?” வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய பேச்சு. ஆனால் அவர் அழைத்த நேரத்தில் நான் இரண்டு தம்ளர் பாலைக் குடித்துவிட்டு, மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, மூக்கைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொட்டியின் அளவு, மண்கலவை, வெயில் நேரம் எல்லாம் எந்த மிளகாய்க்கும் பொதுவானவை. அவற்றில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பெயரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. எழுத்துக்கூட்டிப் படித்துப் பலரும் ஜலபீனோ என்கிறார்கள். மெக்சிகோவில் வெராக்ரூஸ் மாநிலத்தின் தலைநகரான ஹலாப்பாவிலிருந்து வந்த பெயர் இது. ஸ்பானிய உச்சரிப்பில் முதலெழுத்து ஹகரம். கடைசி எழுத்து ஏறக்குறைய நம் ‘ஞோ’. ஞகரத்துக்கு வேலை கொடுக்கும் வெளிநாட்டுச் சொல் கிடைப்பது அபூர்வம். ஆனாலும் வழக்கத்தை ஒட்டி ஹாலபேன்யோ என்றே எழுதுகிறேன்.

எனக்கும் இந்தச் செடிக்கும் ஒரே ஒரு தகராறுதான்: காரம். அதிகம் என்பதல்ல, குறைவு என்பதுமல்ல. எவ்வளவு என்று வாயில் போடும்வரை தெரியாது என்பதுதான்.

கணக்குப்படி இதன் காரம் 2,500 முதல் 8,000 ஸ்கோவில் வரை. வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலாளர் 1912இல் வகுத்த அளவு அது. மிளகாய்ச் சாற்றில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவார்கள். சுவைப்பவர்களின் நாக்குக்குக் காரம் தெரியாமல் போக எத்தனை மடங்கு தண்ணீர் தேவைப்பட்டது என்பதுதான் எண். இப்போது ஆய்வகக் கருவிகள் அந்த வேலையைச் செய்கின்றன. ஹாபனேரோ என்ற மிளகாய் ஒரு லட்சத்துக்கு மேல் போகும் என்றால், ஹாலபேன்யோ ஏணியின் கீழ்ப்படியில் நிற்கும் சாது. ஆனால் அந்த இரண்டு எண்களையும் மறுபடி பாருங்கள். இடையில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். ஹாபனேரோவைத் தொடுபவன் பயந்துகொண்டே தொடுவான். இதை யாரும் பயந்து தொடுவதில்லை, அதுதான் ஆபத்து.

இரண்டாம் ஆண்டு நடந்தது இது. ஒரே செடியில் ஒரே காலையில் எட்டுக் காய்கள் பறித்தேன். கீறி, விதை நீக்கி, பாலாடைக்கட்டி திணித்து, ஓவனில் வைத்து எடுத்தேன். மாமனார் முதல் காயைத் தின்றார், இரண்டாவதைத் தின்றார், மூன்றாவதையும் எடுத்துக்கொண்டு, “இது மிளகாயா, குடைமிளகாயா மாப்பிள்ளை?” என்று கேட்டார். மேசையில் சிரிப்பு. எதிரே இருந்த மைத்துனர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வாயில் ஒன்றின் பாதிதான் இருந்தது. முகம் சிவந்து, காது மடல் சிவந்து, பேச வாயைத் திறந்தால் விக்கல். அவர் நடிக்கிறார் என்று மாமனார் கடைசிவரை நம்பினார். நான் ஏதோ வேறு மிளகாயை நடுவில் செருகிவிட்டேன் என்று மைத்துனர் இன்றும் நம்புகிறார்.

அன்றைக்குத்தான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன்.

முதலில் கற்றது, காரம் விதையில் இல்லை என்பது. காம்புக்குக் கீழே விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய சவ்வில்தான் காரத்தைத் தரும் காப்சைசின் சுரக்கிறது. விதை அதோடு உரசிக்கொண்டிருப்பதால் பழி அதன்மேல் விழுகிறது. மைத்துனர் தின்ற காயில் விதையைத் தட்டிவிட்டுச் சவ்வை அப்படியே விட்டிருந்தேன் போலும். இப்போது சிறு கரண்டியால் சவ்வு முழுவதையும் வழித்தெடுக்கிறேன். காரம் குறைகிறது, சமமாவதில்லை.

அடுத்தது தண்ணீர். வாடவிட்டு வளர்த்த செடி காரமாகக் காய்க்கும் என்று படித்து, ஒரு தொட்டிக்குத் தாராளமாகவும் இன்னொன்றுக்குக் கஞ்சத்தனமாகவும் ஊற்றிப் பார்த்தேன். கஞ்சத் தொட்டி மொத்தத்தில் காரம்தான், ஆனால் அதிலும் வெள்ளரிப் பிஞ்சு போல இரண்டு வந்தன. அந்தச் சோதனையில் உறுதியாகக் கிடைத்தது வாடிய செடி மட்டுமே.

பிறகு அந்தக் கோடுகள். முற்றிய ஹாலபேன்யோவின் தோலில் பழுப்பு நிறத்தில் மெல்லிய கீறல்கள் நீளவாக்கில் ஓடும். தோலைவிடச் சதை வேகமாகப் பெருப்பதால் தோல் விரிந்து, ஆறிய தழும்பு. தடவினால் தக்கையைத் தடவுவதுபோல் சொரசொரப்பாக இருக்கும். கோடு நிறைந்த காய் காரம், வழுவழுப்பான காய் சாது என்பது வளர்ப்பவர்களின் நம்பிக்கை. என் நோட்டில் இது பெரும்பாலும் சரியாகவே வந்தது. கோடு விழும் அளவுக்குச் செடியில் நின்ற காய் வயதானது; வயதில் காரம் ஏறியிருக்கும். இந்த ஒரு விதியை நம்பித்தான் போன வாரம், கண்ணாடி போல வழுவழுவென்று, ஒரு கோடுகூட இல்லாத காயை வட்டமாக நறுக்கி ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கடித்தேன். பால் தம்ளர்களின் கதை அங்கே தொடங்கியது.

பாலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காப்சைசின் தண்ணீரில் கரையாது. தண்ணீர் குடித்தால் அது வாய் முழுக்கப் பரவும். பாலில் உள்ள கேசின் புரதம் அதைப் பற்றிக்கொண்டு போய்விடுகிறது. 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை உணரும் நரம்பு வாயிலையே காப்சைசின் தட்டுகிறது, ஆகவே மூளைக்குப் போகும் செய்தி ‘காரம்’ அல்ல, ‘சுடுகிறது’. அந்த வாயிலைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இதையெல்லாம் அறிந்து வைத்திருந்தும் நான் முதலில் ஓடிப்போய்க் குடித்தது தண்ணீர்தான்.

என் குறையை நான் மட்டும் சொல்லவில்லை என்பதில் ஒரு ஆறுதல். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் காரம் குறைந்த ஹாலபேன்யோ ஒன்றை 1980களின் தொடக்கத்திலேயே உருவாக்கியது. பதப்படுத்தும் தொழிற்சாலைகளுக்கு அது வசதி: காய் சாதுவாக இருந்தால், வேண்டிய காரத்தை அளந்து தனியே சேர்த்துக்கொள்ளலாம். ஆலைக்காரர்களே இந்தக் காயை நம்பவில்லை, நான் எப்படி நம்புவது?

விதைக்காரர்களையும் நம்ப முடியவில்லை. மூன்றாம் ஆண்டு இணையத்தில் வாங்கிய பொட்டலத்தில் படம் ஹாலபேன்யோ. காய்த்தது நீளமாக, மஞ்சளாக, காரமே இல்லாத ஏதோ ஒன்று. 2023இல் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் பலருக்கும் இதே கதை நடந்தது என்று அறிந்தபோது கோபம் கொஞ்சம் தணிந்தது. மற்றபடி வளர்ப்பில் பெரிய குறையில்லை. கடும் வெயிலில் பூ உதிரும், இலைக்கடியில் அசுவினி வரும், அவ்வளவுதான்.

இவ்வளவு திட்டிய பிறகு, ஏன் நான்கு ஆண்டு என்று கேட்பீர்கள். பழுத்த காய்க்காக.

ஹாலபேன்யோவைப் பச்சையாகப் பறிப்பது பழக்கம்தானே தவிர, விட்டுவைத்தால் கறுத்து, செங்காயாகி, முழுச் சிவப்பாகப் பழுக்கும். அந்தப் பழத்தில் ஓர் இனிப்பு உண்டு, பச்சைக் காயின் புல்வாசனை போய்விடும். முதல் முறை அப்படிப் பழுத்த இருபதை மற்ற மிளகாய் போல வெயிலில் பரப்பினேன். ஆறாம் நாள் மேல்தோல் சுருங்கி, நன்றாகக் காய்ந்ததுபோல் இருந்தது. ஒன்றை ஒடித்தேன். உள்ளே விதைகளைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பூசணம், பஞ்சு போல. மீதி பத்தொன்பதும் அப்படியே. இந்த மிளகாய்க்குச் சதை தடிமன். வெளித்தோல் காயும் வேகத்தில் உள்ளே காய்வதில்லை.

மெக்சிகோக்காரர்கள் இதைப் புகையில் ஏன் உலர்த்தினார்கள் என்பது அந்தப் பூசணத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. சிப்போட்லே என்று விற்பது வேறொரு மிளகாய் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது பழுத்த ஹாலபேன்யோவைப் புகைபோட்டு உலர்த்தியது. மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டலில் மிளகாய், புகை என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து அந்தப் பெயர். அடுத்த அறுவடையில் மூடியுள்ள கரி அடுப்பில், தணலை ஓரமாக ஒதுக்கி, மரச்சில்லுகளைப் போட்டு இரண்டு நாள் விட்டு விட்டுப் புகைபோட்டேன். சட்டையில், தலைமுடியில், தலையணையில் எல்லாம் புகை. காய்கள் உலர்திராட்சை போலச் சுருங்கி, கருஞ்சிவப்பாகி, தோல் வார்போல் வளைந்தன. ஒன்றை ஊறவைத்து அரைத்துத் தக்காளிச் சாறில் கலந்தபோது வந்த மணத்துக்காக இன்னும் நான்கு ஆண்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்காரலாம் என்று தோன்றியது.

ஒரு விஷயம் தற்செயலாகப் பிடிபட்டது. பத்துப் பதினைந்து காய்களைச் சேர்த்து அரைத்தால் சாதுவும் முரடும் கலந்து காரம் ஒரு நிதானத்துக்கு வருகிறது. வினிகரில் கேரட், வெங்காயத்தோடு ஊறப்போடும் ஜாடியிலும் அப்படித்தான். தனிக் காய்தான் ஏமாற்றுகிறது.

நறுக்கிய கையால் கண்ணைத் தொடாதீர்கள் என்று எல்லோரும் எழுதுவார்கள். நானும் எழுதிவிட்டேன். கையில் முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட வேண்டும். வெறும் தண்ணீரால் கழுவினால் இரவு வரை விரல் எரியும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. நாக்கின் ஓரத்தில் இன்னும் எரிச்சல் இருக்கிறது, அதற்கு மேல் தர மனம் வரவில்லை. நேற்று நண்பரை அழைத்து, காரத்தை நம்பிச் சமைக்க வேண்டுமென்றால் இந்த விதை வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன். அவர் நான்கு நாள் முன்பே வாங்கிவிட்டாராம். எத்தனை செடி வைக்கலாம் என்று கேட்டார். மூன்றுக்குக் குறைய வேண்டாம் என்றேன்.