போதகரா, உளவியல் நிபுணரா? சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு

"ஐயாவிடம் பேசினால் போதாதா?" என்று தயங்கும் கிறிஸ்தவ நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

செலவு: போதகரிடம் பெரும்பாலும் இலவசம். தனியார் நிபுணரிடம் ஒவ்வொரு சந்திப்புக்கும் கட்டணம். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

ரகசியம்: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சிகிச்சை தருபவரை ரகசியம் காக்கச் சொல்கிறது. சபையில் அது அந்த மனிதரைப் பொறுத்தது. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் உங்கள் கதை நாலு வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

பயிற்சி: தூக்கத்தில் அலறி எழுவது, யாராவது தொட்டாலே உடல் விறைப்பது போன்றவற்றுக்குப் பயிற்சி பெற்றவர்தான் வேண்டும். "அப்போது ஆண்டவர் எங்கே இருந்தார்?" என்ற கேள்வியை நல்ல போதகரிடம் மனம்விட்டுக் கேட்கலாம், அதற்கு அவசரமாகப் பதில் சொல்லாமல் உடன் உட்கார்ந்திருப்பவரே நல்லவர்.

மன்னிப்பு: எனக்குப் பயமே இதில்தான். முதல் சந்திப்பிலேயே "மாமாவை மன்னித்துவிடும்மா" என்பவரிடம் திரும்பப் போகாதீர்கள். கோபப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

விசுவாசம்தான் உங்களைத் தாங்குகிறது என்றால் இருவரிடமும் போங்கள், சிகிச்சையை நிபுணரிடம் வைத்துக்கொண்டு. கொடுமை செய்தவர் அதே சபைக்காரர் என்றால் வெளியாளிடம்தான் பேச வேண்டும். சாகத் தோன்றினால் யோசிக்கவே வேண்டாம், முதலில் மருத்துவர்.