ஈரானா, ஜப்பானா: பெண்கள் எங்கே அதிகம் படித்தார்கள்?

ஜப்பான் என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் ஈரானில் 2000-ஐ ஒட்டியே பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். நுழைவுத் தேர்வில் முந்திக்கொண்டே இருந்தார்கள். 2012-ல் 36 பல்கலைக்கழகங்கள் 77 படிப்புகளில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று கதவைச் சாத்தின. ஒளிவுமறைவே இல்லை.

ஜப்பானில் கதவு திறந்தேதான் இருந்தது. ஆனால் பெண் பிள்ளைக்கு இரண்டு வருட ஜூனியர் கல்லூரி போதும் என்று வெகுகாலம் நினைத்தார்கள். 1990-களில்தான் நான்காண்டுப் படிப்பில் சேரும் பெண்களின் எண்ணிக்கை ஜூனியர் கல்லூரியில் சேர்பவர்களைத் தாண்டியது. டோக்கியோ பல்கலைக்கழக இளநிலை வகுப்புகளில் இன்றும் ஐந்தில் ஒருவர்தான் பெண். 2018-ல் டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் பெண்களின் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையே குறைத்து வந்தது அம்பலமானது. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. தோற்றவளுக்குத் தன்னைத் தோற்கடித்தார்கள் என்பதே தெரியாது.

சரி, வேலை? அதில் ஈரான் வெகுதூரம் பின்தங்கியிருக்கிறது. பட்டம் வாங்கியும் வேலைக்குப் போகும் பெண்கள் அங்கே குறைவு.