தனி டாங்கியா பொது டாங்கியா, எண்ணெய்க் கணக்கு எதில சரியா நிக்கும்?

மன்னார் கடல்ல 2011ல வாயு கண்டுபிடிச்சும் இன்னும் எடுக்கல்ல, நம்மட கிழக்குக் கடல்லயும் ஜேஎஸ் 5, ஜேஎஸ் 6 எண்டு துண்டு பிரிச்சு வெச்சிருக்கு, எடுக்கத் தொடங்கினா முதல் சண்டை அளவிலதான் வரும். அதால அமெரிக்காவில அரசாங்கக் காணிகள்ல எப்படி அளக்கிறாங்க எண்டு பாப்பம்.

லீஸ் எண்டா கம்பனிக்கு எண்ணெய் எடுக்கக் குத்தகைக்குக் குடுத்த காணித்துண்டு. அந்த லீஸுக்கு ஒரு டாங்கி, ஒரு மீட்டர் எண்டா கணக்கில வாய்ச்சண்டைக்கு இடமில்ல. ஆனா நாளைக்கு அஞ்சாறு பீப்பா வாற கிணத்துக்கு அந்தச் செலவு கட்டாது.

பல லீஸ் எண்ணெயையும் ஒரே பொது டாங்கிக்க விடுற, ஆனா கலக்க முன்ன லீஸுக்கொரு மீட்டர், இது அடுத்த வழி. மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் பால் எடுக்கிற இடத்தில இதத்தானே செய்யிறாங்க, ஆள் ஆளா அளந்து, கொழுப்பும் பாத்து எழுதிப்போட்டுத்தான் பெரிய டாங்கிக்க ஊத்துற. எண்ணெயிலயும் அளவு மட்டும் காணாது, தண்ணி எவ்வளவு, அடர்த்தி எவ்வளவு, சூடு எவ்வளவு எண்டும் பாக்கணும். அமெரிக்காவில பீப்பா எண்டா 60 பாகை பரனைட்டில 42 கலன், நம்மட 32 பாகை செல்சியஸ் வெக்கையில அளந்து அப்படியே எழுதினா நூத்துக்கு ஒண்டுக்கு மேல கூடக் காட்டும். லேசான எண்ணெயும் கனமான எண்ணெயும் கலந்தா மொத்தம் கொஞ்சம் சுருங்கும் வேற, அந்தக் குறைய யார்ர தலையில போடுற எண்டு முதல்லயே எழுதி வெக்கணும்.

மலிவு எண்டா கிணத்து டெஸ்ட்தான். இடைக்கிட ஒவ்வொரு கிணத்தையும் தனிய ஓடவிட்டு அளந்து, அந்த விகிதத்தில மாச மொத்தத்தப் பிரிக்கிற. டெஸ்ட் நாள்ல நல்லா வந்த கிணறு அடுத்த கிழமை பம்ப் பழுதாகிக் கிடந்தா? 2022 ஆகஸ்டுக்குப் பிறகு 2025 நடுப்பகுதி வரைக்கும் அங்க குடுத்த புது லீஸுக்கு ரோயல்டி, அதாவது எடுக்கிற எண்ணெயில அரசாங்கத்துக்குக் குடுக்கிற பங்கு, 16.67 வீதம், பழசுகளுக்குப் பெரும்பாலும் 12.5. ரெண்டும் ஒரே டாங்கிக்க விழுந்தா, கூட வீதமுள்ள கிணத்த டெஸ்ட்ல குறைச்சுக் காட்டுறவனுக்கு லாபம், இத யாரும் சொல்லிக் குடுக்கத் தேவல்ல.

அமெரிக்காட 2016 விதியில ரோயல்டி வீதமும் காசு போற இடமும் ஒண்டா இருந்தாத்தான் கலக்க லேசா அனுமதி. அங்கத்த 2025 ஜூலைச் சட்டம் சொந்தக்காரர் வேற, வீதம் வேற எண்டாலும் கலக்கலாம் எண்டுட்டு: ஒவ்வொண்டுக்கும் மீட்டர் பூட்டணும், இல்லாட்டி மாசக் கணக்குப் பிசகு 2 வீதத்துக்குள்ள நிக்கட்டும், இல்லாட்டி அங்கீகரிச்ச கிணத்து டெஸ்ட். மூண்டையும் ஒரே தட்டில வெச்சது எனக்குப் பிடிக்கல்ல. சொந்தக்காரரும் ஒண்டு, வீதமும் ஒண்டு எண்டா டெஸ்ட் போதும், மத்ததுக்கெல்லாம் மீட்டர்தான்.

நம்மட 2021 பெற்றோலிய வளச் சட்டத்துக்குக் கீழ விதி எழுதுறவங்க இதயும் போடணும்: மீட்டர் சரியா எண்டு பாக்கிற ஆள் கம்பனிட ஆளா இருக்கப்படாது, மீட்டரில போட்ட சீல் நம்பர் எழுதின கொப்பி ஒண்டு அரசாங்கத்திட்டயும் கிடக்கணும்.