ரீலோடிங் அடிப்படை செட்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ், டை செட், பீம் தராசு, நீளம் அளக்கும் காலிப்பர், பிரைமர் பொருத்தும் கைக்கருவி. இவற்றை வைத்து .308 வின்செஸ்டர் ரைபிள் தோட்டாக்களை நானே ரீலோட் செய்யத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. சுட்ட பித்தளைக் கூட்டில் புது பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த பிரஸ் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தராசுக்கும் காலிப்பருக்கும் காசு போடுங்கள்.

பிரஸ்ஸில் இருப்பது கனமான சட்டம், நெம்புகோல், ஏறி இறங்கும் ராம், அவ்வளவுதான். கெட்டுப்போக அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. டை என்பது கூட்டைச் சரியான வடிவுக்குக் கொண்டுவந்து குண்டைப் பொருத்தும் அச்சு. அதை மாட்டும் மரை பெரும்பாலும் 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 புரி. அதனால் ஆர்சிபிஎஸ் நிறுவன பிரஸ்ஸில் லீ, ஹார்னடி போன்ற வேறு நிறுவன டைகளும் தாராளமாக உட்காரும். ஒரு இழுப்புக்கு ஒரு வேலைதான் நடக்கும். ஒரே இழுப்பில் பல வேலை செய்யும் புரோகிரசிவ் பிரஸ்ஸோடு ஒப்பிட்டால் ஆமை வேகம். ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு அதுதான் பாதுகாப்பு. ஒவ்வொரு பித்தளைக் கூடும் ஒவ்வொரு கட்டத்திலும் கைக்கு வந்து, கண்ணில் பட்டுத்தான் போகிறது.

தராசுதான் உண்மையான வேலைக்காரன். வெடிமருந்தை கிரெயினில் நிறுக்கிறோம். 7000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. 0.1 கிரெயின் என்றால் 6.5 மில்லிகிராம்தான். இந்த அளவில் மின்விசிறிக் காற்றே தராசை ஆட்டிவிடும். டிஜிட்டல் தராசும் வைத்திருக்கிறேன், வேகமாகக் காட்டும். ஆனால் சூடேறும்வரை அதன் பூஜ்யம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். பீம் தராசின் முள் ஆடி அடங்கக் காத்திருக்க வேண்டும், சலிப்புதான். இருந்தும் சந்தேகம் வந்தால் இன்றும் அதனிடம்தான் போகிறேன். எது வாங்கினாலும் சோதனை எடைக்கற்களும் சேர்த்து வாங்குங்கள்.

பித்தளைக் கூடு சுட்டுச் சுட்டு நீளும் என்பது புதியவர்கள் பலருக்குத் தெரியாது. .308-க்கு உச்ச நீளம் 2.015 அங்குலம். அதைத் தாண்டினால் 2.005-க்கு வெட்டிவிடுவது வழக்கம். நீளமான கூட்டைச் சேம்பரில் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) திணித்தால் கழுத்து குண்டை இறுக்கிப் பிடித்து அழுத்தம் எகிறும். காலிப்பருக்குக் காசு போடச் சொன்னது இதற்காகத்தான். கழுத்து நீள்கிறது என்றால் அந்தப் பித்தளை வேறெங்கிருந்தோ வருகிறது, அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிகிறது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மடக்கி, கூட்டுக்குள் விட்டு உள்சுவரைத் தடவிப் பாருங்கள். ஒரு இடத்தில் பள்ளத்தில் விழுவது போல நுனி தட்டும். அப்படித் தட்டினால் அந்தக் கூடு குப்பைக்கு. அடுத்த வேட்டில் அது இரண்டாகப் பிரியலாம்.

பிரைமரை பிரஸ்ஸிலேயே பொருத்தலாம். ஆனால் கைக்கருவியில் பிரைமர் இறங்குவது விரலில் தெரியும். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால் குழி தளர்ந்துவிட்டது, அந்தக் கூட்டையும் கழித்துவிட வேண்டும். கூடு பொறுக்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்சர் வகை, சாதாரண டையே பழைய பிரைமரைத் தள்ளிவிடும். இரண்டு சிறு துளைகள் என்றால் பெர்டான், விட்டுவிடுங்கள்.

மருந்தின் அளவை வாய்வழி கேட்டு எடுக்கவே கூடாது. மருந்து அல்லது குண்டு நிறுவனம் வெளியிட்ட கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்துதான் போக வேண்டும். மேஜையில் எப்போதும் ஒரே மருந்து டப்பா. குண்டு வைப்பதற்கு முன் தட்டில் நிற்கும் எல்லாக் கூடுகளுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். இரட்டை மருந்தும் தெரியும், மருந்தே விழாததும் தெரியும். அப்புறம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பிரைமரைத் தொடாதீர்கள். பிரைமர் கரியில் ஈயம் இருக்கும் என்பதால் கூடுகளை ஈரமாகத்தான் கழுவுகிறேன், தூசி பறக்காது. வீட்டில் ரீலோட் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்பது நாட்டுக்கு நாடு மாறும். செட் வாங்குவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

சரி, பணம் மிச்சமா? எனக்கு இல்லை. ஒரு தோட்டாவின் செலவு குறைந்தது, நான் சுடுவது கூடிவிட்டது. லாபம் இலக்கில்தான் தெரிகிறது: என் துப்பாக்கிக்குப் பிடித்த கலவை கிடைத்த பிறகு இலக்கில் விழும் துளைக் குழுக்கள் நன்றாகச் சுருங்கின. எப்போதாவது ஒரு பெட்டி சுடுபவருக்கு இந்தச் செட் தேவையே இல்லை. 9 மி.மீ. கைத்துப்பாக்கிக்காரர் கார்பைடு டை வாங்கினால் கூடுகளுக்கு எண்ணெய் தடவும் வேலை மிச்சம். ஆனால் கைத்துப்பாக்கிக்குத் தேவைப்படும் தோட்டா எண்ணிக்கைக்கு சிங்கிள் ஸ்டேஜில் கை ஓய்ந்துவிடும். பழகிய பிறகு அவர் புரோகிரசிவுக்கு மாறுவதுதான் சரி.